தூரக்கோட்டை

காலை நாலு மணி.
அல்வாக்கடைப் பின்வாசலில்
பால் பிழிந்த சம்பா கோதுமைச் சக்கை
ஈரச் சாக்கில் காத்திருக்கும்.
கோமதிநாயகத்தின் ஆட்டோ
டவுனிலிருந்து கருப்பந்துறைப் பாலம் தாண்டி
மேலப்பாளையம் வருவதற்குள்
புளிக்கத் தொடங்கிவிடும்.
எங்களுக்கு முன்னே
யாரோ அதில் உலை வைத்துவிடுவார்கள்.
அதனால்தான் இந்த அவசரம்.

பீடிக் கம்பெனி காலி செய்துபோன கொட்டகை.
சுவரில் இன்னும் புகையிலைக் காறல்.
கல்யாண வீட்டு நாற்பது லிட்டர் குக்கரில்
செய்யதலி பாத்திமா சக்கையை அவிக்கிறாள்.
கல்லூரியில் நாங்கள் தொடப் பயந்த
ஆட்டோகிளேவின் விலைக்கு
இந்தக் கொட்டகையையே வாங்கலாம்.

வேலைக்காரர்களைப் பிடித்தது
கடையின் பின்சாக்கடை ஓரத்து மண்ணில்.
கிரைண்டர் கழுவிய நீரைக் குடித்து
தலைமுறை தலைமுறையாய்
(இருபது நிமிடத்துக்கு ஒரு தலைமுறை)
மாவு ருசி கண்டவர்கள்.
நாற்பத்தொரு பேர் வந்தார்கள்.
பதினேழாம் எண் தேறியது.

மாவுக்கூழ் உறைந்த தட்டில்
ஒரு புள்ளியாய் வைத்து
ஒரு ராத்திரி விட்டு
அயோடின் ஊற்றினேன்.
தட்டு முழுக்கக் கருநீலம்.
பதினேழைச் சுற்றி மட்டும் வெளிறிய வளையம்,
மாவைத் தின்று தீர்த்த இடம்.
"நிலா கோட்டை கட்டியிருக்குடி" என்றாள் பாத்திமா.
தூரக்கோட்டை கிட்ட மழை.
அளவுகோல் வைத்தேன்:
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
மழைக்கு அது போதுமா என்று
எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

முதல் நாள் பழங்கஞ்சி வாடை.
இரண்டாம் நாள் தட்டைத் தொட்டால்
காய்ச்சல்காரன் நெற்றி.
மூன்றாம் நாள்
பக்கத்து வீட்டு மைமூன்
ஜன்னலைப் படாரென்று சாத்துவாள்.
அதுதான் பதம்.
பிழிந்தால் தேயிலைச் சாயத்தில் ஒரு நீர்,
அதற்குள் நொதி.

சக்கை முதலில் இனாம்தான்.
"குப்பைதானம்மா, கொண்டு போங்க."
மூன்றாம் மாதம் பூலுடையார் வந்தார்,
பதினோரு மாடுகளின் சொந்தக்காரர்.
"எம் மாட்டு வாயில உள்ளதப் புடுங்கித்தான்
மருந்து காய்ச்சணுமா தாயி?"
கடைக்காரர் அவரைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்.
மறுநாள் கிலோ மூன்று ரூபாய்.
ஒருத்தர் கேட்கும்வரை கழிவு.
ரெண்டு பேர் கேட்டால் சரக்கு.
வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில்
'மூலப்பொருள் செலவு: இல்லை' என்று
தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

பிழிந்து மிஞ்சியதை
பூலுடையாருக்கே கொடுத்துப் பார்த்தோம்.
பத்து மாடு மோந்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கருப்பட்டித் தண்ணி தெளித்தார்.
செவலை மட்டும் தின்றது.
"அதுக்கு எதுவும் ஆகும்" என்றார்
கோபம் பாதி குறைந்த குரலில்.

சங்கரன்கோவில் சாயப்பட்டறை.
ஞானதிரவியம் வெளிநாட்டுக் கேனைக் காட்டினார்,
உள்ளே பளிங்குபோல் நீர்.
எங்கள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து,
"என்னம்மா இது, ரசமா?"
கஞ்சி ஏறிய துணியைச் சுடுநீரில் போட்டு
எங்கள் ரசத்தை ஊற்றினோம்.
ஒரு மணி நேரம்
யாரும் யாரோடும் பேசவில்லை.
அலசிப் பிழிந்த துணியில் ஒரு சொட்டு அயோடின்.
மஞ்சளாகவே நின்றது.
நீலம் வரவில்லை.
அவர் இன்னொரு மூலையில் ஒரு சொட்டு விட்டார்.
அங்கேயும் வரவில்லை.
விலை சொன்னோம்.
கேன் விலையில் பாதிக்கும் கீழே.
"இவ்வளவு கொறச்சலா?
எனக்குப் பயமா இருக்கே."

அஞ்சு லிட்டர் எடுத்துக்கொண்டார்,
பயத்தோடு.

பஸ் நிலையத்தில் இட்லி.
கூடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்
என்று பாத்திமா முணுமுணுக்க,
நான் பிய்த்த இடத்தில்
இட்லி நீலமாகிக்கொண்டிருந்தது.
விரலில் காயாத அயோடின்.
அவள் குனிந்து பார்த்துச் சொன்னாள்:
"இன்னும் மாவு பாக்கி இருக்குடி."